தூக்கத்தில் மாடி ஏறிய மோட்டார்

மதியம் மூன்று மணி. ஆமாம், மதியம்தான். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னான்? சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாத்ரூம் போக என்னைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது.

நீளமான தெரு. ஈ காக்கை இல்லை. வெயிலில் தார் இளகி வாசனை வந்துகொண்டிருந்தது. தெருக்கோடியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடம். அதன் மேல்தளத்தில் என் சிநேகிதனின் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். குடியிருந்த கட்டிடத்திலோ லிஃப்ட் கிடையாது. அதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இதயம் பலவீனமாகி ஆபரேஷன் ஆன பிறகு அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது.

நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைத்திருந்தார்கள். கட்டைவிரல் பருமன்தான். இதயம் தள்ள முடியாத இரத்தத்தை அது நிற்காமல் தள்ளும். வயிற்றிலிருந்து ஒரு ஒயர் வெளியே வந்து இடுப்பில் இருக்கும் பெட்டியில் சேரும். இதயத்தை அளக்க உள்ளே வேறு கருவி எதுவும் இல்லை. மோட்டார் இழுக்கும் கரண்டை வைத்தே, இதயம் என்ன பாடுபடுகிறது என்று பெட்டி கண்டுபிடித்துவிடும். மாடி ஏறினால் வேகத்தைக் கூட்டும். படுத்தால் குறைக்கும். நெஞ்சில் காதை வைத்தால் ம்ம்ம்... என்று ரீங்காரம் கேட்கும். அதைக் கேட்டால்தான் அக்காவுக்குத் தூக்கமே வரும்.

அன்று மதியம் அத்தான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ரீங்காரம் அவள் காதுக்கே எட்டும் அளவுக்கு ஏறியது. ம்ம்ம்... இன்னும் ஏறியது... கொஞ்சம் இறங்கியது... மறுபடியும் ஏறியது. அக்காவுக்கு அந்தச் சத்தம் தெரியும். அத்தான் மாடிப்படி ஏறும்போது வருகிற சத்தம். படி திரும்புகிற இடத்தில் நின்று மூச்சு வாங்குவாரே, அந்த இடைவெளிகூட அப்படியே இருந்தது.

மனிதர் காலைக்கூட அசைக்கவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அதே நேரம், அதே சத்தம். முதல் நாளைவிடக் கூடுதல் நேரம் ஏறியது... கூடுதல் உயரம். அக்கா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.

பம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் வந்தார். அந்த வீட்டில் அவருக்குப் பெயரே பம்ப்காரர்தான். லேப்டாப்பில் கோடுகளை ஓடவிட்டுப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மத்தியானத்துல இவரை எதுக்கும்மா மாடி ஏற விடுறீங்க?"

"அவர் தூங்கிட்டிருந்தாருங்க. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

"மோட்டாருக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா... அது இழுத்த கரண்டுதான் இது."

கட்டிலிலிருந்து அத்தான், "கனவுல ஏறினாக்கூட கணக்குல சேருமா சார்?" என்றார். பம்ப்காரர் சிரிக்கவில்லை. தூங்குகிற இதயத்திலிருந்து இத்தனை வேகமாக உறிஞ்சினால் இதயத்தின் உள்சுவர் பம்ப்பின் வாயில் ஒட்டிக்கொண்டு உயிரே போய்விடலாம் என்றார். வேகம் தானாக ஏறாதபடி பெட்டியை மாற்றிவைத்தார்.

"ரெண்டு நாளைக்கு ஒரே வேகத்துல ஓடட்டும். இவர் படியேறவே கூடாது."

அடுத்த மதியம். அத்தான் தூங்கினார். ரீங்காரம் ஏறவே இல்லை. அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் வெளியே படியில் செருப்புச் சத்தம்... சரக்... சரக்... நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள். மறுபடியும் சரக்... ஒவ்வொரு படிக்கும் இரைப்பு அதிகமானது. கடைசியில், கதவுக்கு வெளியே பொத்தென்று உட்காரும் சத்தம். ஒயர் வெளியே வரும் இடத்தில் அக்கா தினமும் போடுகிற மருந்தின் வாசனை, கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

அக்கா அத்தானின் நெஞ்சில் காதை வைத்தாள். ரீங்காரம் இல்லை. லப்டப்... லப்டப்... என்று இதயம் திடமாக அடித்துக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால்கூட அது இப்படி அடித்து அவள் கேட்டதில்லை.

ரீங்காரம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"குண்டூசி... கதவைத் திற. மூச்சு முட்டுது."

தனியாக இருக்கும்போது அத்தான் அவளைக் கூப்பிடுகிற பெயர் அது. கூடப்பிறந்த தம்பிக்கே அதுவரை தெரியாது.

அக்கா கதவுவரை போனாள். திரும்பிப் பார்த்தாள். கட்டிலில், கண் எதிரே, புருஷன் படுத்திருக்கிறார். எவளாக இருந்தாலும் என்ன செய்வாள்? மேல்தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டாள். வெளியே நகத்தால் கதவைச் சுரண்டுகிற சத்தம். ம்ம்ம்... குறைந்தது... இன்னும் குறைந்தது... நின்றுவிட்டது.

அத்தானின் இடுப்புப் பெட்டி அலறியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மோட்டார் நின்றுபோயிருந்தது. ஆனால் இதயம் சொந்த பலத்தில் அடித்தது. டாக்டர்களுக்கே ஆச்சரியம். பம்ப்பைக் கழற்றிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதார்கள். பம்ப்காரர் மட்டும் அந்த மதியத்தின் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். மோட்டார் நிற்கும்வரை வேகத்தின் கோடு நேராகப் போயிருந்தது. கரண்டின் கோடு எகிறி எகிறிக் குதித்து, மெல்ல அடங்கியிருந்தது.

"யாரோ கெஞ்சின மாதிரி இருக்கும்மா," என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டார்.

அத்தான் இப்போது படிகளைத் தாவித் தாவி ஏறுகிறார். நல்ல மனிதர்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அக்கா நின்று, அன்று அந்த உருவம் உட்கார்ந்த இடத்தைப் பார்க்கிறாள். பாவம், யாரை வெளியே நிறுத்தித் தாழ்ப்பாள் போட்டோம் என்று யாரிடம் போய்க் கேட்பாள்? போன வாரம், பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டுவிட்டாளாம்.

"என்னைச் செல்லமா ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களே... இப்பல்லாம் ஏன் கூப்பிடறதே இல்ல?"

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லையாம்.

"அதான் அன்னைக்கு அவன் வெளியில உக்காந்து கூப்பிட்டானே... நீதான திறக்கல."