மாவுப் பொட்டலத்தில் சிரித்த முகம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் செயற்குழு உறுப்பினர்களே! முன்வரிசையில் யார் முகத்தையும் பார்க்காமல் அமர்ந்திருக்கும் எங்கள் டீச்சரின் கணவர் அவர்களே! எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் கையோடு சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் என் சீலியாக் நோய்க் குடும்பத்துத் தாய்மார்களே, சகோதரர்களே! உங்கள் அனைவருக்கும் என் கனத்த வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். "டீச்சரைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க" என்று வாசலில் வைத்தே எனக்குச் சொல்லியனுப்பினார்கள். சொல்கிறேன். டீச்சரைப் பற்றி நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் அவருக்கு நடந்ததைச் சொல்லாமல் அவரை மட்டும் புகழ்ந்துவிட்டு இறங்கினால், நான் அவருக்கு நண்பன் இல்லை. எனக்குப் பின்னால் கட்டியிருக்கிற பதாகையைப் பாருங்கள். "எங்கள் சங்கத்தின் தாய்" என்று எழுதியிருக்கிறார்கள். தாயாம்! அந்தத் தாயை இந்தச் சங்கம் எப்படி வைத்திருந்தது என்று நான் சொல்ல வேண்டாமா?

எங்கள் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். "பிரேக் டீச்சர்" என்றால்தான் ஆளுக்குத் தெரியும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே பயப்படுகிற பெண்களிடம், "நீங்க தைரியமா ஓட்டுங்க. எனக்கும் ஒரு பிரேக் இருக்கு, என் காலுக்குக் கீழ. உங்களையும் நம்பல, ரோட்டையும் நம்பல, அந்தப் பிரேக்க மட்டும்தான் நம்பறேன்" என்பார். அழுதுகொண்டு வந்தவள் சிரித்துக்கொண்டு வண்டியை எடுப்பாள். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "லாரி சார்"தான்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் பட்ட பாடு எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தத் தெருவில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது என்று மனப்பாடமாக வைத்திருந்தார். அவர் கற்றுக்கொடுத்த பாதையே அந்தக் கடைகளை ஒட்டித்தான் போகும். சாப்பிட்டால் வயிறு பானைபோல் உப்பும். வாயெல்லாம் புண். சட்டை தோளில் தொங்கும். ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்று எல்லா மருத்துவரும் இரும்புச்சத்து மாத்திரையையே எழுதிக்கொடுத்தார்கள். "நான் முழுங்கின இரும்புக்கு உங்க லாரியே ஒண்ணு செஞ்சிருக்கலாம் சார்" என்பார். இரண்டு முறை கரு தரித்துக் கலைந்தது. அதை மட்டும் அவர் சிரித்துச் சொன்னதில்லை.

ரொட்டியையும் பிஸ்கட்டையும் விட்டால் உடம்பு கொஞ்சம் தேறுகிறது என்று அவராகவே கண்டுபிடித்தார். கோதுமையை நிறுத்தினார். சில மாதம் நன்றாக இருந்தார். பிறகு ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய், "எனக்குக் கோதுமைதான் ஆகலைன்னு நினைக்கறேன் டாக்டர்" என்று சொல்லியிருக்கிறார். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த மருத்துவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னாராம்: "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. எல்லாம் மனசுதான். மனச வேற எதுலயாவது திருப்புங்க."

எல்லாம் மனசுதான்! எத்தனை பேருடைய குடலை இந்த ஒரு வாக்கியம் அரித்திருக்கிறது, தோழர்களே!

இங்கே புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால், உடம்பின் காவல்படை தன் குடலையே எதிரி என்று எண்ணி அடிக்கும். சத்தை உறிஞ்ச வேண்டிய இடம் தேய்ந்து போகும். தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாது. அந்த ரத்தப் பரிசோதனை பிடிப்பது அந்தக் காவல்படையின் தடயத்தைத்தான். கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் தடயமும் மறைந்துவிடும். "இப்ப கோதுமை சாப்பிடறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்த மருத்துவர் கேட்கவில்லை.

வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? மருத்துவரே சொல்லிவிட்டார், மனசுதான் என்று. அவருடைய நாத்தனார் ஒரு சோதனை நடத்தினார். பிறந்தநாள் விருந்தில் சூப்புக்குள் மைதாவைக் கரைத்து ஊற்றிவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்ல, தைரியமா குடி" என்று கையில் கொடுத்திருக்கிறார். அன்று மாலையே டீச்சர் சுருண்டு விழுந்தார். தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. மறுநாள் அந்த அம்மா கட்டில் பக்கத்தில் நின்று சொன்ன சொல்: "தெரியாம குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்." மன்னிப்புகூட இல்லை, பாருங்கள். வியப்பு மட்டும்தான்!

அன்றைக்குத்தான் அவர் கணவர் கண் திறந்தார். இதோ, அவரே முன்னால் இருக்கிறார். மனைவியைக் கைத்தாங்கலாக வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்தப் பெண் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னும் சில வாரம் தினமும் கோதுமை சாப்பிடணும். கஷ்டமா இருக்கும். ஆனா அப்பதான் உண்மை தெரியும்" என்றார். எது விஷமோ அதையே மருந்துபோல் தின்னச் சொன்னால் எப்படி இருக்கும்? டீச்சர் தின்றார். எங்கள் பள்ளி அலுவலக மேசையில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ரொட்டித் துண்டை மென்று விழுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் என்று ஐயமில்லாமல் தெரிந்தது.

அழுவார் என்று நினைத்தேன். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரனை நீளமாக அடித்தார். "லாரி சார்! எனக்குப் பைத்தியம் இல்ல! வியாதிதான்!" என்று கத்தினார். வியாதி என்று தெரிந்ததற்கு அப்படி மகிழ்ந்த ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த மகிழ்ச்சியில் பிறந்ததுதான் இந்தச் சங்கம். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத என் மகளைப் பார்த்து, "கோதுமைய நிறுத்தாம முதல்ல டெஸ்ட் எடுங்க சார்" என்று எங்களை மருத்துவமனைக்குத் துரத்தியவர் அவர். என் மகளுக்கும் இதே நோய்தான். இந்த அரங்கில் இப்படி எத்தனை பேர்! பரிசோதனை நாளன்று உங்களோடு வந்து காத்திருந்தவர் யார்? சமையலறையில் வந்து நின்று, எந்தப் பாத்திரத்தை ஒதுக்க வேண்டும், எந்தச் சல்லடையைத் தூக்கி எறிய வேண்டும் என்று காட்டியவர் யார்?

அப்போதுதான் தலைவர் அவர்கள் வந்தார்கள். பேச்சுத் திறமை, நாலு பேர் பழக்கம் எல்லாம் உள்ளவர். அவருடைய மச்சானுக்கு மாவு மில் இருந்தது. சங்க முத்திரையோடு, கோதுமை கலவாத மாவு அங்கே அரைத்து விற்கலாம் என்றார். பொட்டலத்தில் டீச்சரின் சிரித்த முகம். அந்த முகத்தை நம்பி வாங்கினோம். வேறு எதைப் பார்த்து வாங்கினோம்?

சில மாதம் போனது. தேறியிருந்தவர்களுக்குத் திரும்பவும் வயிறு கெட்டது. என் மகளுக்குத் திரும்பவும் வாய்ப்புண். எங்கோ திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தோம். டீச்சரே அவளை உட்கார வைத்து, "உண்மைய சொல்லு கண்ணு, ஸ்கூல்ல பிஸ்கட் வாங்கித் தின்னியா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர், சத்தியமா இல்ல" என்று பிள்ளை விக்கி விக்கி அழுதாள். டீச்சருக்கும்தான் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. தன் சமையலறையை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பொட்டலத்தின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. அதில் இருந்தது அவர் முகம் அல்லவா!

ஒருநாள் ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுக்க, அந்த மில் தெருவுக்குள் வண்டியை விட்டிருக்கிறார். மில் வாசலில் கோதுமை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போனார். எங்கள் மாவு அரைபட்டுக்கொண்டிருந்த இயந்திரத்தின் ஓரமெல்லாம் முந்தைய மாவு படிந்திருந்தது.

"இதுக்கு முன்னாடி இதுல என்ன அரைச்சீங்க?" என்று மில்லில் வேலை பார்த்த ஆளைக் கேட்டார்.

"கோதுமைதாம்மா. காலைல கோதுமை, அப்புறம் உங்க மாவு. நடுவுல தொடப்பத்தால ஒரு தட்டு தட்டிடுவோம்."

"இது எங்க தலைவருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? மொதல் நாளே வந்து பாத்துட்டுத்தானே போனாரு!"

தலைவர் அவர்களே, எழுந்திருக்க வேண்டாம். நான் முடித்த பிறகு நீங்கள் பேசலாம். ஒலிபெருக்கியை நிறுத்தினாலும் எனக்குக் கவலை இல்லை. லாரி சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை இது.

அன்று டீச்சர் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். என் மகள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ பொய் சொல்லல கண்ணு. நான்தான் உன்ன நம்பல. என்ன யாருமே நம்பாதப்ப எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சும் நான் உன்ன நம்பல" என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். தவறு யாருடையது? மன்னிப்புக் கேட்டது யார்?

மறுநாள் செயற்குழு கூடியது. மாவை உடனே திரும்பப் பெற வேண்டும், எல்லாக் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர்.

"இப்ப வெளிய சொன்னா சங்கத்தோட பேரு நாறிடும் டீச்சர். மெதுவா மாத்திக்கலாம். ஒரு சிட்டிகைல என்ன குடியா முழுகிடப் போகுது?" என்றார் தலைவர்.

"அந்த ஒரு சிட்டிகைக்காகத்தானே சார் சங்கமே வெச்சோம்?"

டீச்சர் பக்கம் யார் என்று கேட்டபோது உயர்ந்தவை இரண்டே கைகள். அவருடையது, என்னுடையது. மேடையில் இருப்பவர்களே, உங்களைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனவர் அவர்தானே? உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தவர் அவர்தானே? உங்கள் கை மட்டும் ஏன் மேசைக்கு அடியிலேயே இருந்தது?

அவர் சும்மா இருக்கவில்லை. கடை கடையாக ஏறி, தன் முகம் போட்ட பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "இத வாங்காதீங்க" என்றார். பதிலுக்கு இந்தச் சங்கம் என்ன சொன்னது? "டீச்சருக்கு உடம்பு முடியல, அதனால மனசும் கொஞ்சம் சரியில்ல." மறுபடியும் மனசு! அந்த மருத்துவருக்காவது தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரியுமே, ஐயா!

குடலில் கட்டி வந்தது. நோயைக் கண்டுபிடிக்காமல் நெடுங்காலம் விட்டது, குடல் ஆறாமல் புண்ணாகவே கிடந்தது எல்லாம் காரணமாக இருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். மாவுதான் கொன்றது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். இல்லாததைச் சொன்னால் டீச்சரே என்னை மன்னிக்கமாட்டார். ஆனால் ஆற வேண்டிய புண்ணை ஆறவிடாமல் செய்தது எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது என்னிடம் சொன்னார்: "எனக்கு இந்த வியாதி மேல கோவமே இல்ல லாரி சார். என் உடம்பு என்னையே அடையாளம் தெரியாம அடிச்சுது. இவங்க அடையாளம் தெரிஞ்சே அடிச்சாங்க."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அந்தப் பொட்டலம் இப்போது வேறு பெயரில், முகம் இல்லாமல் கடைக்கு வருகிறது. மில் அதே மில். ஆகவே உறுதிமொழியாக இதைச் சொல்கிறேன். இன்றோடு நான் இந்தச் செயற்குழுவில் இல்லை. ஆனால் டீச்சரின் வேலை நிற்காது. ரத்தம் ஏறவில்லை, எடை ஏறவில்லை, காரணம் தெரியவில்லை என்று யார் வந்தாலும், கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் பரிசோதனைக்கு அழைத்துப் போவேன். மனசுதான் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கூட்டிப் போவேன். எந்த மாவையும், அரைபடுகிற இடத்தைக் கண்ணால் பார்க்காமல் நல்லது என்று சொல்லமாட்டேன்.

நிகழ்ச்சியில் அடுத்து ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. மன்னியுங்கள், நான் அதற்கு நிற்கப்போவதில்லை. உயிரோடு இருந்தபோது அவரிடம் இந்தச் சங்கம் கேட்டது அந்த மௌனத்தைத்தான். அவர் கொடுக்கவில்லை. செத்த பிறகு அவர் பெயரால் நான் எப்படிக் கொடுப்பேன்?

நான் வெளியே வாசலில் நிற்கிறேன். அந்தப் பொட்டலம் யார் வீட்டில் இருக்கிறதோ, யார் பிள்ளைக்கு வயிறு சரியில்லையோ, வாருங்கள், பேசுவோம்.

வருகிறேன்.