இரண்டு மணியிலிருந்து நான் வீட்டில்தான் இருந்தேன்

இந்த நாற்காலியில் ஒரு கால் சற்றுக் குட்டை, மேடம். ஓர் அட்டைத் துண்டை அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். எங்கள் கடையிலும் இப்படி ஒன்று இருந்தது. ஆடிக்கொண்டே எழுத்தைப் படித்தால் கண்ணின் அளவு தப்பிவிடும் என்று நான்தான் சரிசெய்தேன். பதினோரு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு கண்ணின் கருமணிக்கும் மற்றதற்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவது என் பொறுப்பு. இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். இதுவரை ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அதனால் நான் சொல்வதை நீங்கள் தைரியமாக எழுதிக்கொள்ளலாம்.

பொய் சாட்சிக்கு என்ன தண்டனை என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். அதிகபட்சம் ஏழு வருஷம். தானாக முன்வந்து சொன்னால் குறைத்துக் கொடுப்பார்களாம். என் கணவரின் விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பு செய்திருக்கும் மேல்முறையீடு அடுத்த மாதம் வருகிறது, அதை நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்றும் தெரியும். நேரம் சரியாகத்தான் இருக்கிறது.

என் தங்கை சின்னி என்னைவிட ஒன்பது வயது இளையவள். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் வந்து தங்கு என்று சொன்னவள் நான்தான். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள். பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் அவள் வரிசையில்தான் நிற்பார்களாம். என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். "உன் தங்கச்சிய கியர் போடச் சொன்னா கெணத்துல தண்ணி எறைக்கிறா" என்று அவர் சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வீடு கலகலப்பாக இருந்தது. நானும் சிரித்தேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவர் தன்னை வன்புணர்வு செய்ததாக அவள் புகார் கொடுத்தாள். செய்ததாக என்று சொல்வது பழக்கதோஷம். நீதிமன்றத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செய்தார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது அவள் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தாள். அவர் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார்.

"அக்கா, அத்தான் என்னை..." என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"மொதல்ல எழுந்து குளி. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"குளிக்கக் கூடாதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். துணியையும் அப்படியே குடுக்கணும். எனக்குத் தெரியும், என் வேலையே அதுதானே."

"தெரியும்டி. நீ குளி. அக்கா இருக்கேன்ல."

வெந்நீர் வைத்தேன். குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டியது போலவே நானே தலைக்கு ஊற்றினேன். அவள் எதிர்க்கவில்லை. துணிகளை இயந்திரத்தில் போடாமல் கையாலேயே அலசினேன். கறை இயந்திரத்தில் சரியாகப் போகாது. நாலு நாள் கழித்து, கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவள் காவல் நிலையத்துக்குப் போனபோது, கொடுப்பதற்கு அவளிடம் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

அதுவே போதும் என்றுதான் எங்கள் வக்கீல் பயந்தார். வயதானவர், நிதானமானவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். குற்றம் சாட்டப்பட்ட யாருக்கும் ஒரு வக்கீல் வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது, சந்தேகம் வந்தால் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எனக்கு விளக்கினார். "மருத்துவச் சாட்சியம் இல்லேன்னு நிம்மதியா இருக்காதீங்கம்மா. அந்தப் பொண்ணு சொல்றதை நீதிபதி நம்பிட்டா, அது ஒண்ணு போதும் தண்டனை குடுக்க. கொறஞ்சது பத்து வருஷம்."

"நம்பலேன்னா?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் சட்டம் கோணலாக இருந்தது. பேசிக்கொண்டே வாங்கி நிமிர்த்திக் கொடுத்தேன்.

"அவ நடத்தை எப்படி, யார்கூடப் பழகினா, இதெல்லாம் இப்ப கேக்க முடியாது. சட்டம் விடாது. ஆனா ஞாபகம் சரியா இருக்கா, இல்லாததை இருக்கிறதா நினைச்சுக்கிற வியாதி எதாவது உண்டா, அதைக் கேக்கலாம்."

அப்பா இறந்த வருஷம் சின்னிக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டில் அப்பா நடமாடுவது போல் இருக்கிறது என்பாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மனநல மருத்துவரிடம் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நான். வெளியே தெரிந்தால் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று அவள் பயந்தாள். என் உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மருந்துச் சீட்டுகளை என் சான்றிதழ்களோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்திருந்தேன். எதையும் தூக்கிப்போடாத சுபாவம் எனக்கு. மறுநாள் காலை பத்து மணிக்கு வக்கீலின் மேசையில் அந்தச் சீட்டுகள் ஐந்தும் தேதி வாரியாக இருந்தன.

நான் கொடுத்த சாட்சியம் சின்னது. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து நான் வீட்டில்தான் இருந்தேன்; என் தங்கை தன் அறையில் தூங்கினாள்; என் கணவர் கூடத்தில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்; எழுந்து வந்தவள் அப்பாவைப் பார்த்ததாக உளறினாள். கடை மேலாளரையும் கூப்பிட்டார்கள். லென்ஸ் வெட்டும் இயந்திரம் பழுதாகி அன்று ஒன்றரை மணிக்கே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அவர் சொன்னார். அது உண்மை. ஒரு மூலையில் உண்மை நிற்கும்போது மீதியை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

மூடிய அறையில்தான் விசாரணை. சின்னியைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். அவள் முகம் என் கண்ணில் படாதது வசதியாக இருந்தது. மருந்துச் சீட்டுகளை நான் ஒவ்வொன்றாக அடையாளம் காட்டியபோது திரைக்குப் பின்னாலிருந்து "அக்கா" என்று ஒரு குரல் வந்தது. நீதிபதி அவளை அமைதியாக இருக்கச் சொன்னார். அவள் அமைதியாகிவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பெண்தான்.

தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, மேடம். இரத்த உறவையும் ஒதுக்கிவைத்துவிட்டு வந்து உண்மை பேசிய சாட்சி என்று. அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. இரண்டு மணிக்குச் சரியாகப் படியேறிவிட்டேன். சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டது. அப்புறம் சின்னியின் குரல், "வேண்டாம் அத்தான்" என்று. இரண்டாவது முறை சொன்னபோது வேறு மாதிரி இருந்தது. பிறகு "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். கதவுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். சாவியைத் திருப்பியிருந்தால் அரை நிமிஷத்தில் எல்லாம் நின்றிருக்கும். ஆனால் கதவைத் திறந்தால் நான் பார்த்துவிடுவேன். பார்த்துவிட்டால் பிறகு பார்க்காதவளாக அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. பதினான்கு வருஷக் குடித்தனம், மேடம். அதை யோசித்துச் சாவியைச் சத்தம் வராமல் கைப்பைக்குள் போட்டேன்.

கீழே இறங்கித் தெருமுனைத் தையல்கடைக்குப் போனேன். தலையணை உறைகளுக்கு ஜிப் வைக்கக் கொடுத்திருந்தேன். தையல் கோணலாக இருந்தது. பிரித்துத் தைக்கச் சொன்னேன். மறுபடியும் பார்த்துவிட்டு மறுபடியும் பிரிக்கச் சொன்னேன். "என்னங்கம்மா, இன்னைக்கு உங்க கண்ணுக்கு எதுவும் தப்ப மாட்டேங்குது" என்று தையல்காரர் சலித்துக்கொண்டார். ஆறு மணிவரை அங்கேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள், ஞாபகம் வைத்திருப்பார்.

என் கணவரிடம் இதை நான் சொன்னதில்லை. நான் ஏன் அவருக்காகச் சாட்சி சொன்னேன் என்று அவரும் கேட்டதில்லை. விடுதலையான அன்று தோளில் கை போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார். கல்யாணமான புதிதில் அப்படிக் கூட்டி வந்ததுதான்.

நேற்று சின்னிக்குப் போன் செய்தேன். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். ஊசி பிடித்தால் கை நடுங்குகிறதாம், அதனால் பதிவேடு எழுதும் இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். உண்மையைச் சொல்லப்போகிறேன், நான் வாசல்வரை வந்தேன் என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா. நீ படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. அதனாலதான் கூப்பிட்டேன்."

"அப்ப கோர்ட்டுல ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னையும் உள்ள வைப்பாங்கன்னாங்க."

போனை வைத்துவிட்டாள். அதைச் சொல்லியிருந்தால் அன்றே அவள் ஜெயித்திருப்பாள். என்ன செய்வது, அவளாக எடுத்த முடிவு. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

ஏன் இப்போது வந்தேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். தங்கச்சிக்கு நியாயம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் அவரிடம் வண்டி ஓட்டப் பழக வந்த ஒருத்தியோடு அவர் தனியாக வீடு எடுத்துப் போய்விட்டார். என்னிடம் விவாகரத்து கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாராவது முடிச்சுப் போட்டுப் பேசுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டியதற்கு நன்றி. எல்லாம் சரியாக இருக்கிறது, ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டாம். கையெழுத்தை மட்டும் புதன்கிழமை வந்து போடட்டுமா, மேடம்? செவ்வாய்க்கிழமை அவர் என்னோடு பேசிப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.