கார் நின்ற நேரம்

ஸ்டுட்கார்ட்டில் டிராமில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் கார் கூடுதல் நேரம் நின்றதென்று தனியார் கொம்பனி ஒன்று மூத்தவருக்குத் தண்டக் கடிதம் அனுப்பியிருந்தது. இளையவர் அதை வாங்கி வாசித்தார்.

“கார் உங்கட பேரில பதிஞ்சிருக்கிறபடியா உங்களுக்கு அனுப்பியிருக்கினம் அக்கா. நான் காரை ஓடேல்லை எண்டு மறுத்து எழுதலாம்.”

“அந்த நேரம் நான் என்ர மனுசனுக்கு வாய்க்கரிசி போட்டுக்கொண்டு நிண்டனான்.”

நான் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

“அப்ப ஆர் காரை ஓடினது?”

“ஆருக்குத் தெரியும்? செத்தவீடு. கார்த் திறப்பு மேசையில கிடந்தது. பூ வாங்க, ஆக்களை ஏத்த எண்டு ஆர் ஆரோ எடுத்துக்கொண்டு போனவை. இப்ப போய்க் கேட்டா அவைக்கு மனம் நோகும்.”

“அப்ப நீங்கள் அங்க நிண்டதுக்கு அத்தாட்சி வேணும்.”

“செத்தவீட்டு வீடியோ இருக்கு. மூலையில நேரமும் ஓடுமாம்.”

“பிறகென்ன, அந்த இடத்தை எடுத்து அனுப்பிவிடுங்கோ.”

மூத்தவர் கடிதத்தைத் திருப்பி வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

“நான் இன்னும் அதைப் பாக்கேல்லை, பிள்ளை.”



“மறுத்து எழுத எப்ப அக்கா கடைசி நாள்?”

“நாளைக்கு.”

“அப்ப இண்டைக்குப் பின்னேரம் நான் வாறன். நீங்கள் பாக்க வேண்டாம். நானே தேடி எடுக்கிறன்.”

“வா. ஆனா நானும் பாக்கிறன். அண்டைக்கு எனக்கு அவற்ற முகத்தைப் பாக்க ஏலாமப் போச்சு.”