பிச்சிப்பூ வைத்த பேய்

ஹலோ… சொல்லுக்கா… ஆமா, ஆமா, ஒனக்க மிஸ்டு காலப் பாத்தேன். தக்கல பஸ்ல நிக்கேன்லா, ஒரே கூட்டம், செரியா கேக்கல…

பஸ்ஸாவது ஒன்றாவது, அஸ்வதி தன் வீட்டு அடுக்களையில்தான் நின்றாள். பூதப்பாண்டியிலிருந்து அக்கா சபிதா காலையிலிருந்தே கூப்பிடுகிறாள். எடுக்க இவளுக்கு இப்போதுதான் தைரியம் வந்தது.

பத்திரிகை வந்துட்டா?… ஓ, அத்தானும் வாசிச்சாரா… ஆமாக்கா, அந்தப் பழைய பேய்ப் படம்தான். சின்னதுல டிவில பாத்தோம்லா, நீ எனக்க கண்ணப் பொத்திட்டு நீ மட்டும் பாத்தியே… அத வச்சுத்தான் வரிசையா கவித எழுதினேன்… ஆமா, எல்லாத்துலயும் அதே பேய்தான்…

எது, ஆறாவதா?… அது சும்மா, கேட்டியா. படத்துல அவ வந்தாலே பூ மணக்கும்லா… ஆமா, தலையிலதான் வச்சிருப்பா…

இல்ல. நெஞ்சுல வச்சுக் கட்டல. படத்துல அப்பிடி இல்ல…

ஆமாக்கா. அது நீதான்.

பிள்ள போனா பால் வத்துகதுக்குப் பிச்சிப்பூ வச்சுக் கட்டுகது ஊர்ல உள்ளதுதானே, ஒன்னன்னு ஆருக்குத் தெரியும்னு நெனச்சேன்… அத்தான் கேட்டாரா?… அப்போ அவரு துபாய்லல்லா இருந்தாரு. பூ வச்சுக் கட்டினத நீ சொல்லவே இல்லியா?… இவ்வளவு வருசமாவா… அழுதாரா…

தப்புதான். நான் ஒண்ணும் சொல்லல, தப்புதான்… தோவாளையில பூ வாங்கிட்டு வந்ததும் நான், கட்டிவிட்டதும் நான். நீ என்ன நம்பித்தானே நெஞ்சக் காட்டின… ஒனக்குப் பிள்ள போச்சு, எனக்குக் கவித கெடச்சு. பாவிக்கா நான்…

ஏன் பேயாக்கினேனா?… நீ அப்ப வாயே தெறக்காம செவரப் பாத்துட்டு இருப்ப. எனக்கு ஒன்னப் பாக்கவே பயமா இருந்து. அதான்… வேற ஒண்ணும் இல்ல…

அஸ்வதி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

அழலக்கா, சளி… பிள்ளைக்க பேரா? போடல. பேருதான் வைக்கவே இல்லியே… வச்சிருந்தியா? வயித்துல இருக்கும்போதேயா?… அத்தானுக்குக்கூடத் தெரியாதா…

என்ன பேருக்கா?…

இல்ல, எழுத மாட்டேன்… அம்மையாண, எழுத மாட்டேன். எங்கிட்ட மட்டும் சொல்லு… நம்புக்கா… அக்கா… ஹலோ… ஹலோ…