அப்பாவுக்கு முன்பே சித்தி

ஈப்போ நீதிமன்றத்தில் உயில் வேலை இருந்தால் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், இன்ஸ்பெக்டர். ஒன்பதுக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மூல உயில், இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் மூன்று நகல். நான் ஒரு தாளைக்கூட மறந்ததில்லை.

என் அப்பா லியோங் சீ மெங்கின் உயில் எளிமையானது. கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடு மனைவிக்கு, அவள் தனக்கு முன்பே இறந்திருந்தால் மகள் சூக் பின்னுக்கு, அதாவது எனக்கு. மனைவி என்றால் என் அம்மா அல்ல. அம்மா இறந்து ஏழு வருடம் கழித்து வந்த சித்தி, லாய் பிக் ஹா. முதல் கணவனிடம் அவளுக்கு ஒரு மகன் உண்டு, கோக் வாய். சித்தி நல்லவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்தது அவள்தான்.

மார்ச் மாதம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அப்பா இன்னும் ஒரு வாரம் தாங்கினா அதிகம்மா."

வக்கீலிடம் விசாரித்தேன். "யாரு முதல்ல போறாங்கன்றதுதான் கேள்வி. ஒரு மணி நேரம் முந்தினாலும் போதும்," என்று சிரித்தார்.

அந்தக் கடைவீட்டு மாடியில்தான் அம்மா என்னைப் பெற்றாள். அது சித்தி வழியாகக் கோக் வாய் கைக்குப் போவது நியாயமா?

செவ்வாய்க்கிழமை மதியம் நல்ல மழை. சாரல் அடிக்காமல் அப்பா அறையின் சன்னல்களைச் சாத்தினேன். அங்கிருந்த அம்மா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினேன். வழக்கமாக மூன்று. அன்று ஒரு கட்டு. சித்தியும் அதே அறையில்தான் இருந்தாள். அவளுக்கு ஆஸ்துமா.

"பின்... என் இன்ஹேலர் எங்கம்மா? மேசைலதானே வெச்சேன்?"

"தேடிட்டிருக்கேன் சித்தி. நீங்க உக்காருங்க."

அது என் கைப்பையில் இருந்தது. அவளைத் தனியாக விட மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு அடங்க இருபது நிமிடம் இருக்கும். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அப்பா வியாழக்கிழமை காலை போனார்.

நான்கு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. உயில் விசாரணை நாளன்று கோக் வாயும் நீதிமன்றத்துக்கு வந்தான். ஆட்சேபம் சொல்ல அல்ல, எனக்குத் துணையாக. வாசலில் காவலர் என் பையைத் திறந்து பார்த்தார்.

"ஆஸ்துமாவா அக்கா உங்களுக்கு?"

"ஆமாம்."

"பேரு வேற ஒட்டியிருக்கே. லாய் பிக் ஹா..."

பின்னால் நின்ற கோக் வாய் எட்டிப் பார்த்தான். "அது எங்கம்மாவோடது. வீடு பூரா தேடியும் கிடைக்கலன்னு நீதானேக்கா அழுதே?"

ஏன் தூக்கி எறியவில்லை என்கிறீர்கள். அடுத்தவர் பொருளை எறிவது எனக்குப் பழக்கமில்லை.

நான்தான் செய்தேன். மறுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். அவர் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருந்தார், எங்களையே பார்த்தபடி. பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து, சரி என்றால் ஒருமுறை கண் சிமிட்டுவார், வேண்டாம் என்றால் இரண்டுமுறை. அன்று இரண்டிரண்டாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் புகை பட்டிருக்கும்.