வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

அண்ணி: ஸ்கேன் உன் ஃப்ரெண்டுக்குங்கற. நீ எதுக்குடி தண்ணி குடிக்கிற?

சின்னு: தாகம் அண்ணி...

அண்ணி: ஒண்ணரை லிட்டர் தாகமா?

சின்னு: உங்களுக்கு இன்னிக்கு இந்த ஸ்கேன் சென்டர்ல லீவுன்னு அண்ணன் சொன்னானே!

அண்ணி: ஓ, விசாரிச்சுட்டுதான் நாத்தனாரம்மா வந்திருக்கீங்க. அதான் லீவை மாத்திக்கிட்டேனே. இரு... டோக்கன் பதினொண்ணு! வாங்கம்மா, ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருதா? ...இல்ல, இன்னும் ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு வாங்க.

சின்னு: அந்தம்மாதான் வருதுன்னு தலையாட்டினாங்களே?

அண்ணி: நிஜமா முட்டினா ஆளு நிமிர்ந்து நிக்க முடியாது. இப்ப நீ காலைப் பின்னிக்கிட்டு உட்கார்ந்திருக்க பாரு, அப்படித்தான் இருக்கும்.

சின்னு: கால் மரத்துப் போச்சு அண்ணி, அதான்.

அண்ணி: எங்க உன் ஃப்ரெண்டு?

சின்னு: பாத்ரூம் போயிருக்கா.

அண்ணி: ஸ்கேனுக்கு வந்தவ பாத்ரூம் போனாளா! அப்ப அவ முதல்லேர்ந்து தண்ணி குடிக்கணும். பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் விவரம் வேணும் சின்னு.

சின்னு: சத்தமா பேசாதீங்க அண்ணி... எனக்குத்தான்.

அண்ணி: எத்தனை நாளா?

சின்னு: எட்டு மாசமா. மாசத்துல பத்து நாள் கொட்டுது. மெத்தை மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டுப் படுக்கறேன். ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது.

அண்ணி: ரத்தம் குறைஞ்சிருக்கும். முகமே வெளுத்துப் போயிருக்கு, டயட்டுன்னு சொல்லி ஏமாத்திட்ட. டாக்டர் என்ன சொன்னாரு?

சின்னு: கர்ப்பப்பையில கட்டியாம். அண்ணி... கட்டின்னா, அதுதானா?

அண்ணி: இல்லடி பைத்தியம். ஃபைப்ராய்டு, நார்க்கட்டி. அது புற்றுநோயா இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம்னு உள்ள இருக்கற டாக்டரம்மா தினம் யாருக்காவது சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க. இந்த பெஞ்சில எத்தனை பேரு?

சின்னு: எட்டு.

அண்ணி: ஐம்பது வயசு ஆகறதுக்குள்ள அதுல அஞ்சாறு பேருக்கு வந்திருக்கும். பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது. வேற எதுக்கோ ஸ்கேன் எடுப்போம், அது பாட்டுக்கு ஓரமா இருக்கும்.

சின்னு: அப்ப அவங்களுக்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?

அண்ணி: தொல்லை இல்லேன்னா விட்டுடுவாங்க, அப்பப்ப பார்த்துக்குவாங்க. ஐம்பது தாண்டி மாசாமாசம் வர்றது நின்னா தானாவே சுருங்கிடும். உன்னைத்தான் படுத்துதே... டோக்கன் பன்னிரண்டு! செருப்பை வெளியில விட்டுட்டு வாங்கம்மா.

சின்னு: எனக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

அண்ணி: என்ன ஆபரேஷன்?

சின்னு: கர்ப்பப்பையை எடுத்துடலாம், ஒரே வேலையா முடிஞ்சிடும்னாரு. கையெழுத்துப் போட்டுட்டேன். அதுக்கு முன்னால இன்னொரு ஸ்கேன் வேணுமாம்...

அண்ணி: டோக்கன் பதிமூணு... இல்லம்மா, நீங்க கொஞ்சம் உட்காருங்க.

சின்னு: அண்ணி?

அண்ணி: முப்பத்திநாலு வயசுடி உனக்கு. குழந்தை வேணும்னு சொன்னியா?

சின்னு: அவர் கேக்கல. எழுதிக்கிட்டே இருந்தாரு, நிமிர்ந்துகூடப் பார்க்கல. எனக்கு வாய் வரல.

அண்ணி: வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?

சின்னு: சின்ன ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அண்ணி: நல்லா சொல்லி வச்ச! கேளு. ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கு. கட்டியைக் கொஞ்ச நாள் சுருங்க வைக்க ஊசி இருக்கு...

சின்னு: ஊசியிலயே போயிடுமா?

அண்ணி: போகாது, ஆபரேஷனுக்கு முன்னால உதவும். கட்டிக்குப் போற ரத்தக்குழாயை அடைக்கறதும் உண்டு. குழந்தை வேணும்னா பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்துட்டு பையை அப்படியே விட்டுடுவாங்க.

சின்னு: திரும்ப வராதா?

அண்ணி: வரலாம். அதையும் கேளு. எங்க இருக்கு, எவ்வளவு பெருசுன்னு பார்த்துதான் சொல்ல முடியும். பையை எடுக்கறதே தப்புன்னு நான் சொல்லல, சிலருக்கு அதுதான் விடுதலை. ஆனா உன்னைக் கேட்டுட்டு எடுக்கணும். போட்ட கையெழுத்தை இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம்.

சின்னு: நீங்க என்ன டாக்டரா?

அண்ணி: இல்ல. அதான் இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்றேன்.

சின்னு: உங்களுக்கு ஈசி அண்ணி. கதவுகிட்ட நின்னு நம்பர் கூப்பிடறீங்க. பெஞ்சில உட்கார்ந்திருக்கறவளுக்கு இருக்கற பயம் உங்களுக்கு என்ன தெரியும்?

அண்ணி: மெதுவா பேசு...

சின்னு: குழந்தை இல்லேன்னு உங்களை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா? குறை தன்கிட்டதான்னு அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். அம்மாவே அவனைத்தான் திட்டினாங்க. எனக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கா?

அண்ணி: உங்கண்ணன்கிட்ட ஒரு குறையும் இல்ல சின்னு. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிட்டுப் படுத்திருந்தேனே, நீகூட தலை வாரிவிட்டியே... அன்னிக்கு எடுத்தது குடல்வால் இல்லடி. நீட்டின தாள்ல நானும் கையெழுத்துப் போட்டேன். கட்டியை மட்டும் எடுக்க முடியும்கறதே இந்தக் கதவுகிட்ட வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.