நட்டின் மேல் மஞ்சள் கோடு

ஸ்டீயரிங்கில் விரிசல் விழுந்தால் உடனே அடைக்கக் கூடாது. முதலில் அரத்தால் ராவி அதை இன்னும் பெரிதாக்க வேண்டும். மேலாகப் பூசி விட்டால் அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும், ஒரு வெயில் அடித்ததும் பல்லைக் காட்டிவிடும். இதெல்லாம் எதற்கு என்று பேனாவை நிறுத்துகிறீர்கள். எழுதுங்கள். நான் நாலெழுத்துப் படித்தவன்தான். ஆனாலும் நீங்கள் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். உங்கள் மேல் தனியாகச் சந்தேகம் ஒன்றும் இல்லை. எனக்கு எல்லோரும் ஒன்றுதான்.

கார் என் சம்பந்தியுடையது. அவருடைய அப்பா ஓட்டியது. கறுப்பு வண்டி, நீள மூக்கு. இடையில் எவனோ ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கை அதில் மாட்டியிருந்தான். யானைக்குப் பூனை மீசை வைத்தது போல இருந்தது. பழைய ஸ்டீயரிங் பரணில் அகப்பட்டதும் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு சம்பந்தி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஊர்ல மெக்கானிக்குக்கா பஞ்சம், சம்பந்தி? ஆனா இது நம்ம குடும்பத்து வண்டி. உங்க கை பட்டாத்தான் எனக்குத் திருப்தி" என்றார்.

சிரித்துக்கொண்டே வருகிற ஆளைக் கண்டால் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இருந்தாலும் போனேன். என் மகள் அந்த வீட்டில்தான் இருந்தாள்.

மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில் கிடப்பார். மாமியார் இல்லாத வீடு. ஆக, அங்கே சம்பந்தியும் என் மகளும்தான். என் வீட்டிலோ நான் ஒருத்தன். இருமினால் சுவர்தான் 'என்ன' என்று கேட்க வேண்டும். அவள் அம்மா போன பிறகு பட்டறையிலேயே வைத்து நான் வளர்த்த பெண். பொம்மை கேட்கிற வயதில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று சொல்லுவாள்.

அவர்கள் ஷெட்டில் நான் வேலை செய்யும்போது டீ கொண்டு வருவாள். "அப்பா, சர்க்கரை கம்மியாப் போட்டிருக்கேன்" என்பாள். நான் கையை நீட்டுவேன். டம்ளர் அவரிடம் போகும். அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு அடுத்த டம்ளர்.

ஒருநாள் அவர் உள்ளே போயிருந்தபோது மகளிடம் கேட்டேன்.

"வீட்டுக்கு வந்துடேன். மாப்பிள்ளை வர்றப்ப இங்க வந்துக்கலாம்."

"எதுக்குப்பா? இங்க எனக்கு என்ன குறை?"

"குறை இருந்தா மறைக்காதே."

"இல்லாத குறைக்கு நான் எங்கப்பா போவேன்? கடன் வாங்கியா சொல்ல முடியும்?" என்று சிரித்தாள்.

குறை இல்லாதவள் அப்படிச் சிரிக்க மாட்டாள். வாயை நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பிறகு நிதானமாக யோசித்தேன். கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள், கோபமே இல்லை. சம்பந்தி இல்லையென்றால் அந்த வீட்டைப் பூட்டித்தான் ஆக வேண்டும். புருஷன் கடலில். ஒற்றைப் பெண் எங்கே போவாள்? அப்பன் வீட்டுக்குத்தான் வருவாள். இதில் என்ன தப்புக் கணக்கு?

வேலையில் நான் குறை வைக்கவில்லை. விரிசலையெல்லாம் ராவி, பசை நிரப்பி, காய விட்டு, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்து, மேலே வார்னிஷ் கொடுத்தேன். கையால் தடவினால் எங்கே உடைந்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை. சம்பந்தி குழந்தையைத் தொடுவது போலத் தொட்டுப் பார்த்தார்.

அதை மாட்டுவது பெரிய வித்தை இல்லை. கீழிருந்து வருகிற தண்டின் தலையில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அதன் மேல் ஸ்டீயரிங்கை உட்கார வைத்து, ஒரு பெரிய நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். அதற்கு மேல் ஹாரன் பட்டன் மூடிவிடும். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை இறுக்கிய கையோடு, நட்டிலிருந்து தண்டு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அதன் மேல் வேறு யாரும் ஸ்பானர் வைக்க மாட்டார்கள்.

இறுக்காத நட்டுக்கு நான் கோடு இழுத்ததில்லை. இது ஒன்றுதான். விரலால் திருகியதோடு விட்டேன். பல்லில் கிரீஸைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். அவர் வீடு மேட்டில் இருக்கிறது. வாசலை விட்டு இறங்கினால் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் வளைவு, வளைவில் கல் சுவர். பழைய வண்டியை வளைவில் ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். சீட் பெல்ட் கிடையாது. என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நான் யார் மேலும் கை வைக்கவில்லை.

மறுநாள் காலையில் சம்பந்தி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஈரக் கையைத் துடைத்தபடி என் மகளும் வந்தாள். அவர் சாவியை அவள் கையில் வைத்தார்.

"நீதான்மா முதல்ல ஓட்டணும். வண்டி இனிமே உன்னோடது. உங்கப்பா செஞ்ச வேலை, உனக்குத்தானே சேரணும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தாள். ஹாரன் பட்டன் இன்னும் மூடவில்லை. நட்டும் கோடும் கண்ணெதிரே தெரிந்தன.

"எதுக்கும் ஒருதரம் ஸ்பானர் போட்டுப் பாத்துடலாமா? தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி, இறக்கம் வேற" என்றார் அவர்.

"வேற யார் கோடுன்னாலும் நானே போட்டுப் பாத்திருப்பேன். இது எங்கப்பா கோடு" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "இறுக்கிட்டேல்லப்பா?" என்று கேட்டாள்.

ஸ்பானர் என் கையில்தான் இருந்தது. குனிந்து ஒரு திருகு திருகினால் போதும். ஆனால் திருகும்போது நட்டு சுற்றும். சுற்றுவதை அவர் பார்ப்பார். 'பரவாயில்லை சம்பந்தி, வயசாச்சில்ல' என்று என் மகள் முன்னால் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனசில்லை.

"கோடுதான் இருக்கே" என்றேன்.

அவளே ஹாரன் பட்டனை எடுத்து அழுத்தி மூடினாள். ஒருதரம் ஹாரன் அடித்தாள். அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் கேட்டைத் திறந்து விட்டேன்.

சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூச்சில்லை. ஸ்டீயரிங் அவள் கையிலேயே இருந்தது. மொட்டைத் தண்டு நெஞ்சில் இறங்கியிருந்தது. வார்னிஷில் ஒரு கீறல் இல்லை. சம்பந்தி கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைத்துக்கொள்வார். அந்த மாதிரி ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள். அவளுக்காக அழுகிறாராம். அழட்டும்.

இறுக்காமல் விட்டது நான். கோடு இழுத்தது நான். அவள் வாய் விட்டுக் கேட்டபோது பொய் சொன்னதும் நான். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இதையும் எழுத வேண்டும். பெற்றவன் சொன்னாலும் ஸ்பானர் வைத்துப் பார்த்துவிட்டு நம்பு என்றுதான் அவளை வளர்த்தேன். என்னிடம் இருந்தவரை அப்படித்தான் இருந்தாள். ஒருத்தர் சொன்னதை அப்படியே நம்புகிற புத்தியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வீடுதான்.